எந்த வேலைக்கு எந்த ரெய்டு? வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல டிஸ்க் பத்தினதுதான், அதனால இந்த தடவை பக்கம் முழுசையும் ரெய்டுக்கே ஒதுக்கிட்டேன். புதுசா படிக்கறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். பல டிஸ்க்க சேத்து ஒண்ணா ஓட்டறதுதான் ரெய்டு. 1988ல அமெரிக்காவுல பெர்க்லி யுனிவர்சிட்டில பேட்டர்சன், கிப்சன், காட்ஸ்னு மூணு பேர் எழுதின கட்டுரையில வந்த பேரு, அதுல லெவல் 1ல இருந்து 5 வரைக்கும்தான் இருந்துச்சு, 0, 6, 10 எல்லாம் அப்புறம் சேந்தது. ரெய்டு 0ல டேட்டாவ துண்டு துண்டா எல்லா டிஸ்க்லயும் பரப்பி எழுதுவாங்க (இதுதான் ஸ்ட்ரைப்), வேகம் உண்டு, ஆனா ஒரு டிஸ்க் போனா மொத்தமும் போச்சு. ரெய்டு 1ல ஒண்ணுல எழுதறத அப்படியே இன்னொண்ணுலயும் எழுதும் (இதுதான் மிர்ரர்). அந்த மாதிரி ஜோடிகள பக்கத்து பக்கத்துல வச்சு பரப்பினா ரெய்டு 10, இதுல இடம் பாதிதான் கிடைக்கும். ரெய்டு 5ல ஒரு டிஸ்க் அளவு இடம் பேரிட்டிக்கு, அதாவது மத்த டிஸ்க்ல இருக்கறத வச்சு கணக்கு போட்டு எழுதற தகவலுக்கு, போகும், ஒண்ணு செத்தாலும் மீதிய வச்சு கணக்கு போட்டு டேட்டாவ எடுத்துடலாம். ரெய்டு 6ல ரெண்டு டிஸ்க் அளவு போகும், ரெண்டு செத்தாலும் தாங்கும்.

எல்லாரும் முதல்ல கேக்கறது "எதுல இடம் அதிகம் கிடைக்கும்"னுதான். நான் திருப்பி கேக்கறது ரெண்டு விஷயம்: உங்க அப்ளிகேஷன் டிஸ்க்ல எப்படி எழுதுது, டிஸ்க் சாகற அன்னைக்கு என்ன ஆகணும். இத தெரிஞ்சுக்காம லெவல் நம்பர தேர்ந்தெடுக்கறதுல அர்த்தமே இல்ல.

கேள்வி: எங்க மில்லுல ஈஆர்பி ஓடுது சார், டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், சைஸ் 300 ஜிபி கூட வராது. 4 டிபி 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஆறு போட்டு ரெய்டு 5 வச்சிருக்கோம். ரிப்போர்ட் எடுக்கறது பரவால்ல, ஷிஃப்ட் மாறற நேரத்துல எல்லாரும் என்ட்ரி போடும்போது ஸ்க்ரீன் அப்படியே நின்னுடுது. ராம் ஏத்தியும் பிரயோஜனம் இல்ல. இன்னும் ரெண்டு டிஸ்க் சேத்தா சரியாகுமா? (கோயம்புத்தூர் வாசகர்)

சேக்காதீங்க, காசு வீணா போகும். ஏன்னு கணக்கோடவே சொல்றேன்.

7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுத்து சுத்த 8.3 மில்லிசெகண்ட் ஆகும், நமக்கு வேண்டிய இடம் ஹெட்டுக்கு கீழ வர சராசரியா அதுல பாதி, அதுக்கு முன்னாடி ஹெட் அந்த ட்ராக்குக்கு நகர ஒரு 8, 9 மில்லிசெகண்ட், ஆக ஒரு சின்ன வேலைக்கு 12, 13 மில்லிசெகண்ட், அப்படின்னா ஒரு டிஸ்க் செகண்டுக்கு சுமார் 80 வேலைதான் செய்யும். ஆறு டிஸ்க்குக்கு 480. படிக்கறதுக்கு மட்டும்னா இந்த 480 அப்படியே கிடைக்கும், அதனாலதான் ரிப்போர்ட் உங்களுக்கு பரவால்லன்னு தோணுது. எழுதும்போதுதான் கதை மாறுது. ரெய்டு 5ல ஒரு சின்ன பேஜ மாத்தணும்னா பழைய டேட்டாவ படிக்கணும், பழைய பேரிட்டிய படிக்கணும், புது டேட்டாவ எழுதணும், புது பேரிட்டிய எழுதணும், டிஸ்க்ல ஒரு தடவை எழுதறதுக்கு (இத எழுத்துன்னே சொல்றேன்) நாலு வேலை. ரெய்டு 6ல ஆறு வேலை. ரெய்டு 10ல ரெண்டே ரெண்டு. போஸ்ட்கிரெஸ் எழுதறது 8 கேபி பேஜா, அதுவும் டிஸ்க்ல அங்கங்க சிதறி, அதாவது ரெய்டு 5க்கு எது ரொம்ப கஷ்டமோ சரியா அத.

ஷிஃப்ட் மாறற நேரத்துல நூத்துக்கு 60 எழுத்து, 40 படிப்புன்னு வச்சுக்கலாம். அப்ப ரெய்டு 5ல உங்க ஆறு டிஸ்க்கும் சேந்து குடுக்கறது செகண்டுக்கு சுமார் 170தான். அதே ஆறு டிஸ்க்க ரெய்டு 10ஆ மாத்தினா 300. ரெய்டு 6னா 120க்கு இறங்கிடும். நீங்க கேட்ட மாதிரி ரெண்டு சேத்து எட்டு டிஸ்க் ரெய்டு 5 போட்டாலும் 230 கிட்டதான் வரும், காசு குடுத்து வாங்கின எட்டு டிஸ்க்கு, ஏற்கனவே கைல இருக்கற ஆறு டிஸ்க் ரெய்டு 10ஐ கூட தொடல பாருங்க. ஆரக்கிள் ஆளுங்க 2000 வாக்குலயே "எல்லாத்தயும் ஸ்ட்ரைப் பண்ணு, எல்லாத்தயும் மிர்ரர் பண்ணு"ன்னு சொல்ல ஆரம்பிச்சதுக்கு காரணம் இந்த கணக்குதான்.

ஆனா உங்களுக்கு நான் ரெய்டு 10 கூட சொல்ல மாட்டேன். உங்க டேட்டாபேஸ் 300 ஜிபி, நீங்க ரெய்டு 5 போட்டு வச்சிருக்கறது 20 டிபி! இடம் உங்க பிரச்சனையே கிடையாது. சர்வருக்குன்னு வர்ற 960 ஜிபி எஸ்எஸ்டி ரெண்டு வாங்கி ரெய்டு 1 போட்டு டேட்டாபேஸ அதுக்கு மாத்துங்க, எஸ்எஸ்டில சுத்தறதும் இல்ல ஹெட் நகர்றதும் இல்ல, செகண்டுக்கு பல ஆயிரம் எழுத்த தாங்கும். பழைய ஆறு டிஸ்க்க ரெய்டு 6 போட்டு ஸ்கேன் பண்ண பில்லு, பழைய வருஷத்து ஃபைல், டேட்டாபேஸ் டம்ப் இதெல்லாம் வச்சுக்கங்க.

எஸ்எஸ்டி வாங்கும்போது கட்டாயம் ஒண்ண பாருங்க, கரண்ட் போனா கைல இருக்கறத எழுதி முடிக்கற கெப்பாசிட்டர் உள்ள இருக்கணும், பவர் லாஸ் ப்ரொடெக்‌ஷன்னு ஸ்பெக்ல போட்டிருக்கும். டேட்டாபேஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு என்ட்ரி உறுதியாகறதுக்கும்) "இது நிஜமா டிஸ்க்குக்கு போயிடுச்சா"ன்னு எஃப்சிங்க் கேட்டு காத்திருக்கும், இந்த கெப்பாசிட்டர் இருக்கற எஸ்எஸ்டி உடனே "ஆச்சு"ன்னு தைரியமா சொல்லும், இல்லாத வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஒவ்வொரு தடவையும் உள்ள ஃபிளாஷ்ல எழுதி முடிச்சுட்டுதான் சொல்லும், பெட்டி மேல போட்டிருக்கற வேகத்துல பத்துல ஒரு பங்கு கூட அப்ப வராது. யாராவது வந்து எஃப்சிங்க்க ஆஃப் பண்ணிடு வேகம் வந்துடும்னு சொன்னா தயவு செஞ்சு கேக்காதீங்க, ஒரு கரண்ட் கட்டுல டேட்டாபேஸ் முழுசுமே கெட்டு போக வாய்ப்பு இருக்கு.

ரிப்போர்ட்டுக்கு மட்டும்னு தனியா டேட்டாபேஸ் வச்சு ராத்திரி மொத்தமா லோட் பண்றவங்களுக்கு இது அப்படியே பொருந்தாது. மொத்தமா வரிசையா எழுதும்போது எல்லா டிஸ்க்லயும் பரவற ஒரு வரிசை துண்டுகள், அதாவது முழு ஸ்ட்ரைப்பும், ஒரே நேரத்துல நிரம்பிடும், பழச படிக்க வேண்டிய தேவையே இல்ல, அவங்களுக்கு ரெய்டு 6 நல்லாவே ஓடும்.

கேள்வி: பிரஸ்ல சர்வர்ல ஹார்டுவேர் ரெய்டு கார்டு, ரெய்டு 5, மூணு வருஷமா பிரச்சனை இல்ல. போன வாரம் திடீர்னு ஃபைல் சேவ் பண்றது மட்டும் ரொம்ப ஸ்லோ. டிஸ்க் எல்லாத்துலயும் பச்சை லைட்தான் எரியுது. ரெய்டு 10க்கு மாத்திடலாமா? (சிவகாசி வாசகர்)

எதையும் மாத்தறதுக்கு முன்னாடி கார்டோட பேட்டரிய பாருங்க. மூணு வருஷம், எழுதறது மட்டும் ஸ்லோ, டிஸ்க் நல்லா இருக்கு, இந்த மூணும் சேந்து வந்தா பெரும்பாலும் பேட்டரிதான். கார்டுல இருக்கற கேஷ் மெமரி, வர்ற எழுத்த வாங்கி வச்சுக்கிட்டு உடனே "ஆச்சு"ன்னு சொல்லிட்டு அப்புறம் நிதானமா டிஸ்க்குக்கு தள்ளும், ரெய்டு 5ஓட நாலு மடங்கு வேலைய இத்தனை நாளா உங்க கண்ணுல படாம மறைச்சு வச்சிருந்தது அந்த கேஷ்தான். பேட்டரி செத்துட்டா கரண்ட் போனதும் கேஷ்ல இருக்கறது காணாம போயிடும்னு தெரிஞ்சு கார்டு தானாவே ரைட் பேக்ல இருந்து ரைட் த்ரூவுக்கு மாறிடும், அதாவது ஒவ்வொரு எழுத்தும் டிஸ்க் வரைக்கும் போயிட்டுதான் வரும். கார்டோட மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்ல பேட்டரி நிலவரம் இருக்கும், பாத்துட்டு மாத்துங்க. புது கார்டுகள்ல பேட்டரிக்கு பதிலா சூப்பர் கெப்பாசிட்டரும் ஃபிளாஷும் வருது, இந்த தொந்தரவு குறைவு.

பேட்டரி இல்லாமலே ரைட் பேக்க கட்டாயமா ஆன் பண்ண ஒரு ஆப்ஷன் இருக்கும், அத தொடாதீங்க. ரெய்டு 5ல டேட்டா எழுதி பேரிட்டி எழுதறதுக்குள்ள கரண்ட் போச்சுன்னா ரெண்டும் பொருந்தாம நிக்கும். அன்னைக்கு யாருக்கும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சு ஒரு டிஸ்க் செத்து அந்த பேரிட்டிய வச்சு கணக்கு போடும்போதுதான் குப்பை வரும். இதுக்கு ரைட் ஹோல்னு பேரு. நம்ம ஊர்ல கரண்ட் எப்படி வந்து போகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, யூபிஎஸ் இல்லாம ரெய்டு 5 ஓட்டறத பாத்தாலே எனக்கு மனசு கேக்காது. கார்டு இல்லாம லினக்ஸ்லயே வர்ற எம்டி ரெய்டு வச்சிருக்கறவங்க தனி எஸ்எஸ்டில ஜர்னல் (எழுதப்போறத முதல்ல குறிச்சு வைக்கற பதிவு) வச்சுக்கலாம், கெர்னல் 4.4ல இருந்து அந்த வசதி இருக்கு. இசட்எஃப்எஸ்ங்கற ஃபைல் சிஸ்டம்ல பழசு மேல எழுதாம புது இடத்துல எழுதற முறைங்கறதால இந்த ஓட்டையே கிடையாது. பிடிஆர்எஃப்எஸ்ங்கற இன்னொரு ஃபைல் சிஸ்டம்ல இருக்கற ரெய்டு 5, 6 மட்டும் வேண்டாம், அத செய்யறவங்களே இன்னும் முக்கியமான வேலைக்கு பயன்படுத்தாதீங்கன்னுதான் சொல்றாங்க.

கேள்வி: கல்யாண வீடியோ ஸ்டூடியோ வச்சிருக்கேன் அண்ணா. மூணு கேமரா, 4கே. ரெண்டு 8 டிபி டிஸ்க்க ரெய்டு 0 போட்டு ஃபுட்டேஜ் எல்லாம் அதுலயே போட்டு அங்கயே எடிட் பண்றோம். ஃப்ரெண்டு ரெய்டு 5க்கு மாத்த சொல்றான், ஸ்லோ ஆயிடுமோன்னு பயமா இருக்கு. (மதுரை வாசகர்)

தம்பி, உங்க ஃப்ரெண்டு உங்க நல்லதுக்குதான் சொல்றாரு. ரெண்டு டிஸ்க் ரெய்டு 0ல ஒண்ணு போனாலும் மொத்தமும் போயிடும், அதாவது ஒரே டிஸ்க்க தனியா வச்சிருக்கறத விட ஆபத்து ஏறக்குறைய ரெட்டிப்பு. ஒரு வீட்டு கல்யாணத்த திரும்ப நடத்தி ஷூட் பண்ண முடியாது, தாலி கட்டற அந்த ஷாட்டுக்கு ரீடேக் கிடையாது. கஸ்டமர் ஃபுட்டேஜோட ஒரே காப்பி ரெய்டு 0ல இருக்கவே கூடாது.

இப்ப வேகம். நீங்க எடுக்கற கேமரா பெரும்பாலும் 100 மெகாபிட்ல பதிவு பண்ணும், அது செகண்டுக்கு 12.5 எம்பி, மூணு கேமராவ ஒரே டைம்லைன்ல ஓட்டினாலும் 40 எம்பி தாண்டாது. ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கே வரிசையா படிச்சா 150, 200 எம்பி குடுக்கும். மூணு ஃபைலுக்கு நடுவுல ஹெட் தாவித்தாவி படிக்கறதுலதான் திணறுது, அதுக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க் சேத்து ரெய்டு 0 போடறது பாதி மருந்துதான். நல்ல மருந்து ஒரு என்விஎம்இ (ரொம்ப வேகமான ரகம்) எஸ்எஸ்டி, ஒண்ணே செகண்டுக்கு 3000 எம்பி கிட்ட படிக்கும். இப்ப கைல இருக்கற ப்ராஜெக்ட், கேஷ், ப்ராக்ஸி (எடிட்டுக்காக சின்னதா மாத்தின காப்பி), ரெண்டர் எல்லாம் அதுல. ஒரிஜினல் ஃபுட்டேஜ் எல்லாம் தனியா நாலு டிஸ்க் ரெய்டு 6லயோ ரெய்டு 5லயோ, அதுக்கு வெளிய இன்னொரு காப்பி. ப்ரோரெஸ் ஹெச்க்யூங்கற பெரிய சைஸ் ஃபார்மட்டுக்கு மாத்தி எடிட் பண்றவங்களா இருந்தா ஒரு 4கே ஸ்ட்ரீமுக்கே 110 எம்பி கிட்ட வேணும், அப்ப கூட என்விஎம்இ போதும். ரெய்டு 0 போட்டே ஆகணும்னா போனாலும் திரும்ப உருவாக்கிக்கற ஃபைலுக்கு மட்டும் போடுங்க, ப்ராக்ஸி, ரெண்டர் கேஷ் மாதிரி.

இன்னொண்ணு, மெமரி கார்ட ரெண்டு வேற வேற இடத்துல காப்பி ஆகி, திறந்து பாத்த அப்புறம்தான் ஃபார்மட் பண்ணணும். முகூர்த்த நாள்ல வரிசையா மூணு கல்யாணம் இருக்கும், கார்டு பத்தாது, அவசரத்துல அழிக்க தோணும், எனக்கு புரியுது. இன்னும் ரெண்டு கார்டு வாங்கிக்கங்க.

கேள்வி: அஞ்சு டிஸ்க் இருக்கு. நாலுல ரெய்டு 5 போட்டு ஒண்ண ஹாட் ஸ்பேரா விடறதா, அஞ்சையும் ரெய்டு 6 போடறதா? (சேலம் வாசகர்)

ரெய்டு 6. ரெண்டுலயும் கிடைக்கற இடம் ஒண்ணுதான், மூணு டிஸ்க் அளவு. ஹாட் ஸ்பேர்ங்கறது சும்மா காத்திருக்கற உபரி டிஸ்க், ஒரு டிஸ்க் செத்த அப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கும், ரீபில்ட் (செத்த டிஸ்க்கோட டேட்டாவ புதுசுல திரும்ப உருவாக்கறது) முடியற வரைக்கும் உங்களுக்கு எந்த பாதுகாப்பும் இல்ல. ரெய்டு 6ல அந்த அஞ்சாவது டிஸ்க் முதல் நாள்ல இருந்தே காவலுக்கு நிக்குது. சின்னச்சின்ன எழுத்து நிறைய வர்ற அப்ளிகேஷன்னா மட்டும் மேல கோயம்புத்தூருக்கு சொன்னத படிச்சுக்கங்க.

கேள்வி: கார்மென்ட் ஃபேக்டரில 32 கேமரா, ஒவ்வொண்ணும் 4 மெகாபிட், 30 நாள் பதிவு இருக்கணும்னு பையர் கேக்கறாங்க. எந்த ரெய்டு, எத்தனை டிஸ்க்? (திருப்பூர் வாசகர்)

32 கேமரா 4 மெகாபிட்னா 128 மெகாபிட், செகண்டுக்கு 16 எம்பி. ஒரு நாளைக்கு சுமார் 1.4 டிபி, 30 நாளைக்கு 41.5 டிபி. இந்த 16 எம்பிங்கறது டிஸ்க்குக்கு ஒண்ணுமே இல்ல, எழுத்தும் பெரும்பாலும் வரிசையா வர்றது, பேரிட்டிக்கு கஷ்டமில்லாத வேலை. அதனால ரெய்டு 10 போட்டு பாதி இடத்த இழக்க வேண்டாம். 8 டிபி டிஸ்க் எட்டு, ரெய்டு 6, 48 டிபி கிடைக்கும், 30 நாள் அடங்கும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். கேமரா ஹெச்.265ங்கற வீடியோவ சுருக்கற முறையில பதிவு பண்ணா தேவை இன்னும் குறையும்.

ரெய்டு 5 போட்டா இன்னொரு 8 டிபி கிடைக்குமேன்னு தோணும். ஆனா டிஸ்க் செத்தாலும் கேமரா நிக்காது பாருங்க, ரீபில்ட் ஓடும்போதே 32 கேமராவும் எழுதிக்கிட்டேதான் இருக்கும். 8 டிபிய 150 எம்பி வேகத்துல நிரப்பினாலே 15 மணி நேரம் கிட்ட ஆகும், நடுவுல எழுத்தும் வந்தா ரெண்டு மூணு நாள் கூட இழுக்கலாம், அவ்வளவு நேரமும் மீதி ஏழு டிஸ்க்கும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் படிக்கப்படும். சாதாரண டிஸ்க்கோட ஸ்பெக்ல 10இன் அடுக்கு 14 பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம்னு போட்டிருப்பாங்க, அது 12.5 டிபி. ஏழு 8 டிபி டிஸ்க்க முழுசா படிச்சா 56 டிபி. நிஜத்துல டிஸ்க்குகள் ஸ்பெக்க விட நல்லாவே நடந்துக்குது, ஆனா அந்த நேரத்துல ஒரு பிழை வந்தா ரெய்டு 5ல சரி பண்ண கைல எதுவும் இல்ல, சில கன்ட்ரோலர் ரீபில்டையே நிறுத்திடும். ரெய்டு 6ல ரெண்டாவது பேரிட்டி அத சரி பண்ணிட்டு போயிட்டே இருக்கும். பெரிய டிஸ்க்ல ரெய்டு 5 வேண்டாம்னு நான் சொல்றது இதனாலதான். டிஸ்க்கும் 24 மணி நேரமும் எழுதறதுக்குன்னு வர்ற கண்காணிப்பு ரகத்துல வாங்குங்க.

கேள்வி: வீட்டுல நாலு டிஸ்க் போடற நாஸ் (நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ் பெட்டி) வாங்கறேன், 8 டிபி நாலு. ஃபோட்டோ, படம், பசங்க வீடியோ. ரெய்டு 10தான் வேகம்னு சொல்றாங்க, உண்மையா? (சிங்கப்பூர் வாசகர்)

உண்மைதான், ஆனா அந்த வேகம் உங்க வீட்டு ஹாலுக்கு வந்து சேராது. ஒரு கிகாபிட் நெட்வொர்க்ல அதிகபட்சம் 110 எம்பி கிட்டதான் போகும், அத ஒத்த டிஸ்க்கே நிரப்பிடும். நாலு டிஸ்க்ல ரெய்டு 10க்கும் 16 டிபி, ரெய்டு 6க்கும் 16 டிபி. ரெய்டு 6ல எந்த ரெண்டு போனாலும் டேட்டா இருக்கும், ரெய்டு 10ல ஒண்ணு போன அப்புறம் மீதி மூணுல அதோட ஜோடி போயிட்டா முடிஞ்சுது. அதனால வீட்டுக்கு ரெய்டு 6, இல்ல ஃபோட்டோவுக்கு வெளிய நிச்சயமா ஒரு காப்பி வச்சுப்பேன்னா ரெய்டு 5 போட்டு 24 டிபி எடுத்துக்கங்க, படம் போனா திரும்ப வாங்கிக்கலாம்.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆரா சிஎம்ஆரான்னு கேட்டு வாங்குங்க, இது ரொம்ப முக்கியம். எஸ்எம்ஆர்ல ட்ராக்குகள ஒண்ணு மேல ஒண்ணு ஏறின மாதிரி எழுதியிருப்பாங்க, நடுவுல ஒண்ண மாத்தணும்னா பக்கத்துல இருக்கறதையும் திரும்ப எழுதணும், சிஎம்ஆர்ல அப்படி ஏறி இருக்காது. சாதாரணமா தெரியாது, ரீபில்ட்ல மணிக்கணக்கா எழுதும்போது மூச்சு வாங்கும், சில சமயம் நாஸே அத செத்த டிஸ்க்குன்னு நினைச்சு வெளிய தள்ளிடும். 2020 ஏப்ரல்ல வெஸ்டர்ன் டிஜிட்டலோட ரெட் வரிசையில, நாஸுக்குன்னே வித்த 2 டிபில இருந்து 6 டிபி வரைக்கும் சில மாடல் எஸ்எம்ஆர்னு தெரிய வந்து பெரிய சர்ச்சை ஆச்சு, அப்புறம்தான் சிஎம்ஆர் டிஸ்க்குக்கு ரெட் ப்ளஸ்னு தனி பேரு வச்சாங்க. மாடல் நம்பர வச்சு கம்பெனி தளத்துல பாத்துட்டு வாங்கறது நல்லது.

சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க்லயும் இதே மாதிரி ஒரு தொந்தரவு உண்டு, ஒரு செக்டர் படிக்கலன்னா நிமிஷக்கணக்கா முயற்சி பண்ணிக்கிட்டே இருக்கும், லினக்ஸ் 30 செகண்டுதான் காத்திருக்கும், அதுக்குள்ள பதில் வரலன்னா நல்ல டிஸ்க்கையே ரெய்டுல இருந்து தூக்க நேரிடும். நாஸ் ரக டிஸ்க் சுமார் 7 செகண்டுல "முடியல"ன்னு சொல்லிடும், ரெய்டு மத்த டிஸ்க்ல இருந்து எடுத்துக்கும்.

கேள்வி: ஒரே மாடல் எஸ்எஸ்டி ரெண்டு ஒரே நாள்ல வாங்கி மிர்ரர் போட்டா ரெண்டும் ஒரே நேரத்துல போயிடும்னு சொல்றாங்களே? (திருச்சி வாசகர்)

பயத்துல நியாயம் இருக்கு. மிர்ரர்ல ரெண்டுலயும் அதே எழுத்துதான் போகுது, தேய்மானம் ஒண்ணா நடக்கும். அத விட பயங்கரம் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) பிழை. 2019 நவம்பர்ல சர்வர் விக்கற ஹெச்பிஈ கம்பெனி ஒரு எச்சரிக்கை விட்டாங்க, சர்வர்ல போடற சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி 32,768 மணி நேரம் ஓடினதும் செத்துடும், டேட்டா திரும்ப வராதுன்னு. அது 3 வருஷம் 270 நாள் 8 மணி நேரம். ஒரே நாள்ல ஆன் பண்ண டிஸ்க் எல்லாம் ஒரே நேரத்துல அந்த மணிய தொடும், மிர்ரர் போட்டாலும் ரெய்டு 6 போட்டாலும் காப்பாத்த முடியாது. ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணவங்க தப்பிச்சாங்க. அதனால முடிஞ்சா வேற வேற கம்பெனி, இல்லன்னா வேற வேற பேட்ச், ஒண்ண ரெண்டு மாசம் முன்னாடியே ஓட விட்டுட்டு இன்னொண்ண சேக்கலாம், ஃபர்ம்வேர் அறிவிப்புகள கண்ணுல வச்சுக்கங்க.

கேள்வி: காஃப்கா, ஹடூப் ரெண்டும் சொந்த சர்வர்ல போடறோம், கொஞ்சம் அமேசான் க்ளவுட்லயும் இருக்கு. எல்லாத்துக்கும் ரெய்டு 10 போட சொல்லி மேனேஜர் கேக்கறார். (சென்னை வாசகர்)

ஹடூப்ங்கறது பெரிய டேட்டாவ பல மெஷின்ல பிரிச்சு வைக்கற சாஃப்ட்வேர், ஒவ்வொரு ப்ளாக்கையும் வழக்கமா மூணு காப்பியா வேற வேற மெஷின்ல வச்சுக்கும். அதுக்கு கீழ ரெய்டு 10 போட்டா ஆறு காப்பி ஆயிடும், காசுக்கு கேடு. டேட்டா நோடுல (டேட்டா வைக்கற மெஷின்ல) டிஸ்க்குகள தனித்தனியா அப்படியே குடுத்துடுங்க, ஒண்ணு செத்தா ஹடூப்பே வேற இடத்துல காப்பி போட்டுக்கும். நேம் நோடுக்கு மட்டும் மிர்ரர் கட்டாயம், எந்த ஃபைல் எங்க இருக்குங்கற தகவல் எல்லாம் அங்கதான் இருக்கு. மெசேஜ்கள வாங்கி வரிசையா சேத்து வைக்கற காஃப்காவும் அப்படித்தான், ரெப்ளிகேஷன் மூணு வச்சிருந்தீங்கன்னா டிஸ்க்க தனித்தனியா குடுக்கலாம். ஒரு டிஸ்க் போனதுக்கே ப்ரோக்கர்ல (காஃப்கா ஓடற மெஷின்ல) வேலை பாக்க ஆள் இல்லன்னா ரெய்டு 10 போட்டுக்கங்க, அது உங்க டீம் அளவ பொறுத்தது.

அமேசான்ல ஈபிஎஸ் வால்யூம் (க்ளவுட்ல வாடகைக்கு கிடைக்கற டிஸ்க்) உள்ளேயே அந்த ஜோனுக்குள்ள காப்பி எடுத்து வச்சிருக்கும். அங்க ரெய்டு 5, 6 வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க, பேரிட்டி எழுத்துக்கும் நீங்க காசு குடுத்து வாங்கின ஐஓபிஎஸ்தான் (செகண்டுக்கு எத்தனை வேலைங்கற அளவு) செலவாகும். ஒரு வால்யூமோட வேகம் பத்தலன்னா மட்டும் ரெய்டு 0, அதோட தவறாம ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலைய அப்படியே எடுத்து வைக்கற காப்பி).

விஎம் (ஒரே மெஷினுக்குள்ள தனி மெஷின் மாதிரி ஓடறது) ஓட்டற ஹோஸ்ட் வச்சிருந்தா அதுக்கு மேனேஜர் சொல்றது சரி. பத்து விஎம் தனித்தனியா வரிசையா எழுதினாலும் கீழ டிஸ்க்குக்கு வந்து சேரும்போது எல்லாம் கலந்து சிதறலாதான் வரும், அங்க ரெய்டு 10. இசட்எஃப்எஸ்ல போடறதா இருந்தாலும் மிர்ரர் ஜோடிகளா போடுங்க, ரெய்டு இசட்ங்கற இசட்எஃப்எஸ்ஸோட பேரிட்டி ரெய்டுல ஒரு குரூப் எத்தனை டிஸ்க் இருந்தாலும் சிதறின வேலைக்கு கிட்டத்தட்ட ஒரு டிஸ்க் வேகம்தான் குடுக்கும்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட்ல பில்லிங் சர்வர், டேலியும் அதுலதான். எஸ்எஸ்டி ரெண்டு ரெய்டு 1 போட்டாச்சு. அப்புறமும் பேக்கப் எடுக்கணும்னு ஆடிட்டர் சொல்றார், ஏன்? (திருநெல்வேலி வாசகர்)

ரெய்டு 1 உங்க கடைக்கு சரியான தேர்வு, அதுல ஒண்ணும் மாத்த வேண்டாம். ஆனா ஆடிட்டர் சொல்றத கேளுங்க. மிர்ரர் நீங்க அழிக்கறதையும் ரெண்டு இடத்துல அழிக்கும், ரேன்சம்வேர் பூட்டினா ரெண்டையும் பூட்டும், இடி விழுந்து பவர் சப்ளை புகைஞ்சா ரெண்டு டிஸ்க்கும் அதே பெட்டிக்குள்ளதான் இருக்கு.

2017 ஜனவரி 31 அன்னைக்கு ப்ரோக்ராம் கோட் சேத்து வைக்கற தளம் நடத்தற கிட்லேப் கம்பெனில நடந்தது இதுக்கு நல்ல உதாரணம். ராத்திரி வேலை பாத்துக்கிட்டு இருந்த ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டார், சுதாரிச்சு நிறுத்தறதுக்குள்ள 300 ஜிபி கிட்ட போயிடுச்சு. பேக்கப்புன்னு வச்சிருந்த அஞ்சு வழில ஒண்ணு கூட நம்பற மாதிரி வேலை செய்யல. தற்செயலா ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்து வச்சிருந்த ஒரு ஸ்னாப்ஷாட்டாலதான் மீண்டாங்க, நடுவுல இருந்த டேட்டா போனது போனதுதான். அத அவங்க ஒளிக்காம எல்லாருக்கும் எழுதி வச்சாங்க, அதுக்கு நான் இன்னைக்கும் மரியாதை வச்சிருக்கேன்.

உங்களுக்கு பெருசா ஒண்ணும் வேண்டாம். ரெண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்குங்க, கடை மூடினதும் ஒண்ணுல பேக்கப் எடுத்து கழட்டி வீட்டுக்கு கொண்டு போயிடுங்க, அடுத்த நாள் இன்னொண்ணு. கழட்டி வச்ச டிஸ்க்க ரேன்சம்வேர் தொட முடியாது. மாசம் ஒரு தடவை வேற ஒரு கம்ப்யூட்டர்ல அந்த பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணி, டேலிய திறந்து, நேத்து போட்ட கடைசி பில் வருதான்னு பாருங்க. ரெய்டு சாஃப்ட்வேர்ல ஈமெயில் அலர்ட்டயும் இன்னைக்கே ஆன் பண்ணிடுங்க, ரெய்டு 1ல ஒரு டிஸ்க் செத்தா கடை பாட்டுக்கு ஓடும், பில் பாட்டுக்கு வரும், யாரும் சொல்லலன்னா உங்களுக்கு தெரியவே தெரியாது, அலர்ட் வருதான்னு ஒரு ஞாயித்துக்கிழமை, பேக்கப் எடுத்த அப்புறம், ஒரு டிஸ்க்க கழட்டி பாத்துட்டு திரும்ப மாட்டி ரீபில்ட் முடியற வரைக்கும் பக்கத்துலயே இருங்க.